பத்து வாரமாகப் புரோபயாடிக்: வயிறு லேசாகிவிட்டது, கால்ப்ரொடெக்டின் மட்டும் 412

மெய்ப்புக்காரி (கேள்வி)

எனக்கு 36 வயது. பெருங்குடலின் இடப்பக்கத்தில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நாள்பட்ட நோய்) இருப்பதாகக் கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில், வீட்டிலேயே வேலை. மேசையிலிருந்து கழிப்பறைக்குப் பதினோரு எட்டு. எண்ணி வைத்திருக்கிறேன்.

கடந்த இரண்டு ஆண்டுகளாக நோய் அடங்கிக் கிடந்தது. இரத்தம் போவதில்லை, இரவில் எழுந்து ஓடுவதில்லை. உப்புசம் மட்டும் விடவில்லை. காலையில் சரியாக இருந்த உடை மாலையில் இறுக்கும். இதைப் பார்த்துப் பொறுக்காத என் நாத்தனார் ஒரு டப்பா புரோபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்தார். பத்து வகைப் பாக்டீரியா, ஒரு கேப்ஸ்யூலில் 5,000 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று போட்டிருந்தது. பத்துப் பெயர்களில் ஒன்று எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. தொழில் தோஷம், கண்ணில் பட்டுவிட்டது.

முதல் நான்கு நாட்கள் வாயு அதிகமாகத் தொல்லை கொடுத்தது. பிறகு குறைந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து வயிறு உண்மையாகவே லேசாக இருந்தது. காலையில் ஒரு முறை, கட்டியாக, வலியில்லாமல். ஐந்து ஆண்டுகளில் இப்படி இருந்ததில்லை என்று நாத்தனாரிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் வழக்கமான பரிசோதனை. குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் மலத்தில் முன்பு 48 ஆக இருந்தது, இப்போது 412. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சாதாரணமாகவே இருக்கிறது. மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். புரோபயாடிக் ஆரம்பித்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

என் குழப்பம் இதுதான். உடம்பு நன்றாக இருக்கும்போது எண் ஏன் ஏறுகிறது? கேப்ஸ்யூலே அழற்சியைக் கிளப்பிவிட்டதா? அல்லது கெட்ட பாக்டீரியாக்கள் செத்து வெளியேறும் கட்டத்தில் இப்படித்தான் காட்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே, அதுவா? அப்படியானால் நாளுக்கு இரண்டாக ஏற்றிப் பார்க்கலாமா?

(பின்குறிப்பு: வயிறு நன்றாக இருந்ததால் மூன்றாவது வாரத்திலிருந்து, நோயை அடக்கிவைக்கும் மருந்தான மெசலமைனை இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகக் குறைத்திருந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.)


கூழாங்கல்

எனக்கும் உப்புசம் புரோபயாடிக்கால்தான் போனது. எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறும். உடம்புக்குத் தன்னைப் பற்றித் தெரியும். இயற்கையான நல்ல பாக்டீரியாதானே, கெடுதல் ஒன்றும் செய்யாது. தொடருங்கள்.


நெடுஞ்சாலை

அம்மா, உங்கள் பின்குறிப்புதான் கதை. மேலே உள்ளதெல்லாம் முகவுரை. மெய்ப்புப் பார்க்கிறவர் நீங்கள். இந்தப் பக்கத்தில் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அதை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோய் உட்கார வைத்திருக்க மாட்டீர்கள். மருத்துவரிடம் புரோபயாடிக்கைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைக் குறைத்ததைச் சொன்னதாக எழுதவில்லை. அதையும் கவனித்தேன்.

கோபத்தில் எழுதவில்லை. இதே காரியத்தை நான் உங்களைவிட மோசமாகச் செய்தவன்.

எனக்கு இந்த நோய் 17 ஆண்டுகளாக. ஓய்வு பெறும்வரை தொலைதூர லாரி ஓட்டினேன். ஊர்ப் பெயர்களைவிட எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கும். நோய் வந்த ஒன்பதாவது ஆண்டில் ஒருவர் கேப்ஸ்யூல் கொடுத்தார். அப்போது 400 மில்லிகிராம் மெசலமைன் நாளுக்கு எட்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஓடுகிற வண்டியில் எட்டு மாத்திரையை நினைவு வைத்துப் போடுவது ஒரு தனி வேலை. கேப்ஸ்யூல் ஒன்றே ஒன்று. உங்களைப் போலப் பாதியாகக் குறைக்கும் பொறுமை எனக்கு இல்லை, மொத்தமாக நிறுத்திவிட்டேன்.

முதல் மாதம் ராஜா மாதிரி இருந்தேன். இரண்டாவது மாதமும். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்தக் கேப்ஸ்யூலைப் புகழ்ந்தேன். இரண்டு பேரை வாங்கவும் வைத்தேன். மூன்றாவது மாதம் கண்ணாடித் தகடுகள் ஏற்றிக்கொண்டு போகும்போது அதிகாலை இரண்டரை மணிக்குச் சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். விடிவதற்குள் நான்கு முறை நிறுத்தினேன். நான்காவது முறை வெறும் இரத்தம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராமில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முகம் வீங்கி, என்னோடு ஆறு ஆண்டுகள் வந்த உதவியாளரே முதலில் அடையாளம் தெரியாமல் தள்ளி நின்றான். இரவெல்லாம் தூக்கம் வராது. கருவிப் பெட்டியைக் கவிழ்த்துத் திருகாணிகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருப்பேன். வீட்டில் கேட்டால் வேலை இருக்கிறது என்று சொல்வேன்.

பிற்பாடு யோசித்ததில் புரிந்தது இதுதான். ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்ட மெசலமைன் ஆற்றிவைத்த குடல் அது. மருந்தை நிறுத்திய மறுநாளே புண்ணாகிவிடாது. எஞ்சினை அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இருக்கும். மேலே கை வைத்துப் பார்த்துவிட்டு வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்வதா? அந்த இரண்டு மாத நிம்மதி பழைய மருந்தின் மிச்சம். பேர் மட்டும் கேப்ஸ்யூலுக்குப் போயிற்று. பக்க விளைவே இல்லை என்று அந்தக் கேப்ஸ்யூலை விற்கிறார்கள். நான் கண்ட பக்க விளைவு தைரியம்.

உங்கள் எண்ணைப் பற்றி. கால்ப்ரொடெக்டின் என்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் புரதம். குடல் சுவரில் சண்டை நடந்தால் அந்த அணுக்கள் அங்கே கூடும், புரதம் மலத்தோடு வெளியே வரும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அமைதி. 250க்கு மேல் போனால் பெரும்பாலும் அழற்சி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நடுவில் இருப்பது சந்தேகப் பிரதேசம். இரத்தமும் வலியும் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே இது ஏறத் தொடங்கலாம். அதற்காகத்தானே உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுக்கச் சொல்கிறார்கள்? சி.ஆர்.பி. சாதாரணமாக இருப்பதை வைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள். நம் நோயில், அதுவும் இடப்பக்கத்தோடு நின்ற நோயில், அது பல நேரம் அசையாது.

கூழாங்கல் தம்பிக்கு: உப்புசம் போனது உண்மையாக இருக்கலாம். மறுக்கவில்லை. உப்புசம் வாயுவின் விவகாரம், அழற்சி குடல் சுவரின் விவகாரம். ஒரே தெருவில் குடியிருந்தாலும் வீடு வேறு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் கொஞ்சம் மாறும் என்பதும் சரிதான். 48க்கும் 412க்கும் இருக்கும் இடைவெளி அந்த மாதிரி மாற்றம் இல்லை. ‘உடம்புக்குத் தெரியும்’ என்றுதான் நானும் அந்த மூன்றாவது மாதம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. நோய் அடங்கியிருந்த மெசலமைன்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஒழுங்காக மருந்து எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். இதை எனக்கு என் மருத்துவர் சொன்னது ஸ்டீராய்டு சீட்டு எழுதிக்கொண்டே.


அகார்தட்டு

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. நெடுஞ்சாலை ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தீர்ப்பு எழுதும் முன் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சகோதரி, பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா? அவையும் கால்ப்ரொடெக்டினை ஏற்றும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளும் ஓரளவு ஏற்றலாம். வயிற்றுப்போக்குத் தொற்று ஏதாவது வந்துபோயிருந்தாலும் ஏறும். ஒரே நாளில் எடுத்த இரண்டு மாதிரிகளிலேயே எண் மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் காலையில் முதலில் போவதிலிருந்தே எடுப்பது நல்லது.

செத்துப்போன கெட்ட பாக்டீரியா கதைக்கு வருகிறேன். கால்ப்ரொடெக்டின் உங்கள் வெள்ளை அணுக்களின் சரக்கு. பாக்டீரியாவிடம் அது கிடையாது. எத்தனை பாக்டீரியா செத்து வெளியேறினாலும் அந்தக் கணக்கில் அது சேராது. காணொளிக்காரர் அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி படித்திருந்தால் போதும்.

இனி உங்கள் டப்பா. எழுத்துப் பிழை இருந்தது என்றீர்கள். அதைவிடப் பெரிய பிழை ஒன்றைத் தேடிப் பாருங்கள்: ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கிறதா? பாக்டீரியாவுக்குப் பேரினம், சிற்றினம் என்று இரண்டு பெயர்கள். மூன்றாவதாக ஸ்ட்ரெயின் என்ற குறியீடு. முதல் இரண்டும் தெருப் பெயர் என்றால் மூன்றாவது கதவு எண். கதவு எண் இல்லாமல் கடிதம் போட்டால் யார் வீட்டில் போய்ச் சேரும்?

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஈ.கோலை என்ற ஒரே சிற்றினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓ157 என்ற வகை இரத்தப் பேதியை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கும். அதே ஈ.கோலையில் நிஸ்ஸில் 1917 என்று ஒரு ஸ்ட்ரெயின். முதல் உலகப் போரின்போது, சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஷிகெல்லா பேதியில் விழ, தனக்கு மட்டும் ஒன்றும் ஆகாத ஒரு படைவீரனின் மலத்திலிருந்து ஜெர்மனியின் ஃப்ரைபர்க் மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்ஸில் அதைப் பிரித்தெடுத்தார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அடங்கியிருந்த 327 பேரிடம் ஓராண்டு அதை மெசலமைனோடு ஒப்பிட்டுப் பார்த்து 2004இல் முடிவு வெளியிட்டார்கள். நோய் திரும்பியது நிஸ்ஸில் எடுத்தவர்களில் 36.4 சதவீதம், மெசலமைன் எடுத்தவர்களில் 33.9 சதவீதம். ஏறத்தாழச் சமம். ஆகவே நம் நோய்க்குப் புரோபயாடிக்கில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவு அந்த ஒரு கதவு எண்ணுக்கு மட்டும் உரியது. உங்கள் டப்பாவின் பத்துப் பேருக்கும் அதில் பங்கு கிடையாது. நிஸ்ஸிலுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு: கோலிபேக்டின் என்ற, மரபணுவைச் சேதப்படுத்தக்கூடிய நச்சைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பு அதனிடம் இருக்கிறது. மனிதர்களில் அதற்கு என்ன பொருள் என்ற விவாதம் எங்கள் வட்டாரத்தில் முடியவில்லை.

5,000 கோடி என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறதா? நம் உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்பது 2016இல் வந்த மதிப்பீடு. ஒரு டப்பாவில் எண்ணைப் பெரிதாகப் போடுவது சுலபம். எந்த பாக்டீரியா என்பதுதான் சிக்கல். பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு முக்கிய உணவு பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம். அதைத் தயாரிப்பவர்களில் முக்கியமானது ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி. குரோன் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் இது குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஆக்சிஜன் பட்டால் தாங்காது. எங்கள் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட காற்றுப் பகையாளிகளை வளர்க்கக் கையுறை பொருத்திய பெட்டிக்குள் கையை விட்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும், அப்படியும் பாதி நேரம் கைவிட்டுவிடும். லாக்டோபேசில்லஸ் வகைகள் சாது. எளிதில் வளரும், உலர்த்தினாலும் தாங்கும். கடைக்கு வருவது குடலில் குறைந்தது எதுவோ அது என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் வளர்க்க முடிந்தது எதுவோ அதுதான் வருகிறது.

அப்படி விழுங்கியதும் குடலில் குடியேறும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளில் சிலர் குடலில் அவை ஒட்டின, சிலர் குடல் உள்ளேயே விடவில்லை. ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் தங்கள் சொந்த நுண்ணுயிர்க் கூட்டம் திரும்பி வர அதிக நாள் ஆனது. எதையும் சாப்பிடாமல் விட்டவர்கள் முன்னதாகவே தேறினார்கள்.

‘கெடுதல் செய்யாது’ என்ற பேச்சுக்கு மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி வந்தவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வந்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம். அவர்கள் தீவிர நோயாளிகள், சகோதரி; நீங்கள் அப்படி இல்லை. இருந்தாலும் ‘இயற்கை’ என்ற சொல் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஒரு முறை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த இரத்தக் கல்ச்சர் புட்டியில் ஈஸ்ட் வளர்ந்தது. பார்த்தால் சாக்கரோமைசஸ். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஈஸ்ட் புரோபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்து நீரில் கலக்கிக் கொடுத்திருந்தார்கள். கழுத்துச் சிரைக் குழாய் போட்டிருந்தவரின் இரத்தத்தில் அது போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து அந்தப் பிரிவில் கேப்ஸ்யூலைப் படுக்கை அருகே பிரிப்பதில்லை. உங்களுக்கு நாளை ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு மருந்தோ தேவைப்பட்டால், இந்த டப்பாவைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

இரண்டாக ஏற்றலாமா என்ற கேள்விக்கு: எதை ஏற்றுகிறீர்கள் என்று டப்பாவே சொல்லாதபோது ஒன்றென்ன, இரண்டென்ன?


மஞ்சள்குடை

மேலே எல்லாரும் சேர்ந்து புரோபயாடிக்கை மூட்டை கட்டி அனுப்புவதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருங்குடலே இல்லை. எல்லா மருந்தும் தோற்று, எட்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து ஜே வடிவில் ஒரு பை தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பையிலும் அழற்சி வரும். எனக்கு இரண்டே ஆண்டில் ஐந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது மெட்ரோநிடசோல். மெட்ரோநிடசோல் சாப்பிடும் நாட்களில் வாயில் நாணயத்தைப் போட்டு உறிஞ்சுவது போல ஒரு சுவை, உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்தாவது முறை ஆன்டிபயாடிக் முடிந்ததும் என் மருத்துவரே எட்டு ஸ்ட்ரெயின் கொண்ட புரோபயாடிக் தூளை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் வந்தது. இதற்கு ஆதாரமான பழைய ஆய்வு 2000இல் இத்தாலியில் வந்தது. மொத்தமே 40 பேர். ஒன்பது மாதத்தில், போலித் தூள் சாப்பிட்ட 20 பேருக்கும் அழற்சி திரும்பியது. உண்மைத் தூள் சாப்பிட்ட 20 பேரில் மூவருக்கு மட்டும். சின்ன ஆய்வுதான், ஆனால் இப்படி ஒரு வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ள முடியாது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் குரோனுக்கும் ஆய்வுக்கு வெளியே புரோபயாடிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்களைப் போன்ற பைக்காரர்களுக்கு மட்டும் அந்த எட்டு ஸ்ட்ரெயின் கலவையைப் பரிந்துரைத்திருக்கிறது. அதுவும் தயங்கித் தயங்கி.

இதில் ஒரு சங்கடமும் பட்டேன். அந்தக் கலவை முதலில் வி.எஸ்.எல்.3 என்ற பெயரில் வந்தது. உருவாக்கியவர் கிளாடியோ டி சிமோன் என்ற இத்தாலியப் பேராசிரியர். 2016 முதல் அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பது அவருடைய மூலக் கலவை இல்லை. மூலக் கலவை விஸ்பயோம் என்ற வேறு பெயருக்குப் போய்விட்டது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு பெயரைப் படித்துவிட்டு அதே பெயரைக் கடையில் கேட்டு வாங்கினால் படித்ததும் வாங்கியதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அகார்தட்டு சொன்ன கதவு எண்ணின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. அளவும் முக்கியம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இதே கலவையை 2009 ஆய்வில் நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 3.6 லட்சம் கோடி என்ற அளவில் கொடுத்தார்கள். ஒரு வேளை அளவே மெய்ப்புக்காரியின் கேப்ஸ்யூலைப் போல எழுபது மடங்குக்கு மேல்.

என் தூள் குளிர்பதனப் பெட்டியில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்தட்டில் இருக்கிறது. பயணத்தில் பனிக்கட்டிப் பையோடு தூக்கிக்கொண்டு போகிறேன். மெய்ப்புக்காரி, உங்கள் டப்பா எங்கே இருக்கிறது?


மெய்ப்புக்காரி

டப்பா அடுப்பங்கரையில், ஜன்னலோரம். வெயில் படும் இடம். இதைத் தட்டச்சு செய்யும்போதே வெட்கமாக இருக்கிறது.

எல்லாருக்கும் வரிசையாகப் பதில். அகார்தட்டு, டப்பாவில் பத்துப் பெயர்களுக்கும் பின்னால் எண் எதுவும் இல்லை. எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்த நான் விடுபட்டதைக் கவனிக்கவில்லை. விடுபட்டதைப் பிடிப்பதுதான் மெய்ப்பில் கடினமான பகுதி என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான்.

வலி மாத்திரை: ஆம். பரிசோதனைக்கு எட்டு நாள் முன்பு கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ஐந்து நாள் டைக்ளோஃபெனாக். குடல் நோயைப் பற்றிப் பல் மருத்துவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பல்லுக்கும் குடலுக்கும் என்ன என்று நினைத்துவிட்டேன்.

நெடுஞ்சாலை ஐயா, நீங்கள் பிடித்தது சரி. மருத்துவரிடம் சொல்லவில்லை. கேள்வியை எழுதும்போது மாத்திரை விஷயத்தை முதலில் மூன்றாவது பத்தியில் எழுதினேன். பிறகு அழித்தேன். பிறகு பின்குறிப்பில் போட்டேன். ஏன் மறைத்தேன் என்றால், அவர் நல்ல மனிதர். இரண்டு ஆண்டு அமைதியை அவர் தன் வெற்றியாகவும் நினைத்து மகிழ்ந்தார். அவர் முகத்தைப் பார்த்து ‘நான் பாதியை நிறுத்தினேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மாத்திரையை விட்டால் ஒரு மாத்திரை அளவுக்கு நோயாளி குறைவு என்று ஓர் அற்பக் கணக்கு.

இன்றிரவிலிருந்து பழையபடி இரண்டு மாத்திரை. நேரில் போகும்போது எல்லாவற்றையும் சொல்கிறேன்.


நெடுஞ்சாலை

அந்தக் கடைசிக் கணக்கை நானும் போட்டிருக்கிறேன். எட்டு மாத்திரைக்காரனுக்கு எட்டு மடங்கு ஆசை.

நேரில் போவதற்குக் காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நேரில் போனால் மீண்டும் முகத்தைப் பார்ப்பீர்கள். இடப்பக்க நோய் என்பதால் மெசலமைன் எனிமாவும் எழுதுவார் என்று நினைக்கிறேன். வாய்வழி மாத்திரையோடு அதையும் சேர்த்தால் மாத்திரை மட்டும் எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். அதற்கு என் அனுபவம்: புட்டியைச் சற்று நேரம் கைக்குள் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். படுக்கப் போகும் முன் இடப்பக்கமாகப் படுத்துச் செலுத்துங்கள். பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் நிற்காது, மூன்றாம் நாளிலிருந்து குடல் பழகிவிடும். நான் இதை லாரியின் படுக்கைப் பலகையிலேயே செய்தவன்; வீட்டில் செய்ய உங்களுக்கு என்ன? சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மெசலமைன் சாப்பிடுகிறவர்களுக்கு அது அவசியம்.


கூழாங்கல்

நான் முதலில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கு இருப்பது ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் தொல்லை மட்டும், அழற்சி நோய் இல்லை, கால்ப்ரொடெக்டின் 50ஐத் தாண்டியதே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசிவிட்டேன். மன்னிக்கவும் அக்கா.


மெய்ப்புக்காரி

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். பரவாயில்லை கூழாங்கல், நானும் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையே மருத்துவரை அழைத்துச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “எத்தனை வாரம்?” என்று மட்டும் கேட்டார். ஏழு என்றேன். டைக்ளோஃபெனாக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: நான் சொல்லாமல் இருந்திருந்தால், முழு அளவு மெசலமைனிலேயே எண் ஏறிவிட்டது, ஆகவே இந்த மருந்து உங்களுக்குத் தோற்றுவிட்டது என்று கோப்பில் எழுதி, அடுத்த படி மருந்தைப் பற்றிப் பேச உட்கார்ந்திருப்பாராம். தோற்காத மருந்தைத் தோற்றதாக எழுத வைத்திருப்பேன்.

பழைய அளவு மெசலமைன், நான்கு வாரம் இரவில் எனிமா. மூன்றாம் நாளிலிருந்து நின்றது ஐயா, நீங்கள் சொன்ன கணக்குத் தப்பவில்லை. வலிக்கு இனிமேல் பாராசிட்டமால் மட்டும். எட்டாவது வாரம் மாதிரி கொடுத்தேன்: 88. அடுத்த மூன்று மாதத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டும், ஏறினால் கொலோனோஸ்கோப்பி. ஏறியது பாதி மருந்தாலா, பல் மாத்திரையாலா, இரண்டும் சேர்ந்தா என்பதை இனிக் கண்டுபிடிக்க முடியாது என்றார். இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்துவிட்டோமே.

புரோபயாடிக்கை நிறுத்திவிட்டேன். உப்புசம் திரும்பி வந்தது. பாதி அளவு, சில நாட்கள் மட்டும். அது கேப்ஸ்யூல் போனதாலா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மருத்துவரும் அதில் பிடிவாதம் பிடிக்கவில்லை. எண் இறங்கி நிலையான பிறகு உப்புசத்துக்காக ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பதானால் பார்க்கலாம், ஸ்ட்ரெயின் எண்ணோடு வருவதாக, மெசலமைனோடு சேர்த்து, தேதி எழுதி வைத்து என்றார். நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. டப்பாவில் தப்பில்லை, நான் செய்த கணக்கில்தான் தப்பு என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டி, பத்துப் பெயர்களுக்கும் ஸ்ட்ரெயின் எண் என்ன என்று கேட்டிருந்தேன். நான்கு நாளில் பதில் வந்தது. பிழையைக் கவனித்துச் சொன்னதற்கு மிக்க நன்றி, அடுத்த அச்சில் திருத்திவிடுகிறோம் என்றார்கள். எண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.